கேட்டில் தொங்கிய அட்டை

அத்தியாயம் 9

அந்தச் சுவர் எழும்பிப் பதினான்கு மாதம் ஆகியும் யாரும் பூசவில்லை. பூச வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

ஒரே வீட்டை நடுவில் வகிர்ந்த சுவர் அது. இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். குழாய் அண்ணனுக்கு, மாடிப்படியும் மாடித் தண்ணீர்த் தொட்டியும் தம்பிக்கு. பாகம் பிரித்த அன்று அண்ணன்காரன் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு, குடம், கட்டில், கடப்பாரை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் எழுத்துப் போட்டான். பெரியவனுடையது என்றால் 'பெ'. சின்னவனுடையது என்றால் 'சி'. துடைப்பக் கட்டையைக்கூட விடவில்லை.

அதோடு போயிருந்தால் பேச்சு மட்டும்தான் நின்றிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணன் பெண்டாட்டி பெரியவள் இன்னொரு காரியம் செய்தாள்.

பெரியவளுக்கு வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கிற வேலை. தோளில் பை, கையில் டார்ச், ஒரு வெள்ளைக் கரண்டி, ஒரு வடிகட்டி, மருந்து பாட்டில். தெருவில் அவளுக்கு டார்ச்சக்கா என்று பெயர். அன்று ஓரகத்தி சின்னவள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டில் டார்ச் அடித்தாள். புழு நெளிந்தது. சிவப்பு நோட்டீஸை எடுத்துக் கேட்டில் ஒட்டினாள், தெருவே பார்க்க.

விதிப்படிதான் செய்தாள். கொஞ்சம் வஞ்சத்தோடும் செய்தாள். ஒட்டும்போது நோட்டீஸின் நான்கு மூலையையும் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தது விதியில் இல்லை.

மறுவாரம் சின்னவள் தன் பதிலைச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். வாரம் ஒருமுறை உள்ளே போய்த் தொட்டி, டிரம், தட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தேதி போட்டு, 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சின்னவள் அந்த அட்டையைக் கழற்றி வந்து கேட்டில் கம்பியால் கட்டினாள். கூடவே ஒரு பேனா. வாசற்படி மிதிக்காதே என்று அர்த்தம்.

பெரியவளும் மிதிக்கவில்லை. தெருவில் நின்றபடியே எட்டு வாரம் 'புழு இல்லை' என்று எழுதினாள்.

இன்று அதற்குக் கணக்குக் கேட்கும் நாள் வந்துவிட்டது.

"அந்தப் பக்கம் உள்ள போயாகணும்," என்றாள். டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டுவிட்டு மூடியை டங்கென்று போட்டாள். வெள்ளி பெயிண்ட் அடித்த கனமான இரும்பு மூடி.

அவள் புருஷன் வெல்டர். டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தான். "எதுக்கு?"

"பக்கத்துத் தெருவுல ரெண்டு பேருக்கு டெங்கு. எங்க மேலதிகாரி, அந்தப் பச்சைப் பேனா வரான். அட்டையும் வீடும் ஒத்துப் போகுதான்னு ஒவ்வொரு வீடா நுழைஞ்சு பாக்கப் போறான்."

"அவ விடமாட்டேங்கறான்னு சொல்லிடு."

"எட்டு வாரம் உள்ள போய்ப் பாத்தேன்னு எழுதியிருக்கேனே!"

"யாரு எழுதச் சொன்னா?"

"உங்க வீட்டு ரோஷம் எழுதச் சொல்லுச்சு."

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. "ஃபிரிட்ஜ், பாத்ரூம், அவ்வளவோட வந்துடு. மாடிக்கெல்லாம் ஏறாத. படி இடிஞ்சு கெடக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பக்கமிருந்து பாத்தா தெரியாதா? போ, போ. டார்ச்சுக்கு பேட்டரி இருக்கா பாரு."

*

அடுத்த கேட்டுக்குப் பதினோரு அடி. அந்தப் பதினோரு அடியில் என்ன சொல்வது என்று நான்கு விதமாக யோசித்துக்கொண்டு போனாள். நான்குமே அசிங்கமாக இருந்தன.

உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் வீட்டிலேயே தைக்கிறவள். அவள் புருஷன் லாரியில் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான்.

பெரியவள் கேட்டைத் தட்டினாள். மிஷின் நின்றது.

"பேனா அங்கதான் கட்டியிருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கையெழுத்துக்கு வரல. உள்ள பாக்கணும்."

"எட்டு வாரமா பாக்காததை இன்னிக்கு என்ன புதுசா? என் ஃபிரிட்ஜ் மேல ஆசை வந்துடுச்சா?"

சின்னவள் வாசலுக்கு வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், விரலில் சுண்ணாம்புக் கட்டித் தூள். முன்பெல்லாம் 'அக்கா, நீங்க' என்பாள். நோட்டீஸுக்குப் பிறகு 'நீ'.

"மேலதிகாரி வரான். அவன் வர்றதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன். உனக்கும் நல்லது."

"எனக்கு நல்லது பண்ண வந்தியா? ஐயோ, கையைக் குடு, கண்ணுல ஒத்திக்கறேன்."

பெரியவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் சின்னவளின் தோளுக்குப் பின்னால் கூடத்தில் பாய் விரித்திருப்பது தெரிந்தது. பாயில் அவள் மகள் வாலு படுத்திருந்தாள்.

எட்டு வயசு. உட்காரச் சொன்னால் நிற்பாள், நிற்கச் சொன்னால் சுவர் ஏறுவாள். பதினான்கு மாதமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் தாண்டிக் குதிக்கிற ஒரே ஜீவன் அவள்தான். பெரியம்மா குரல் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வந்து டார்ச்சைப் பிடுங்குவாள்.

இன்று தலையைக்கூடத் திருப்பவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

"ஸ்கூலுக்குப் போகலையா?"

"லீவு."

"எல்லாப் பிள்ளைங்களும் போகுது."

"நாலு நாளா காய்ச்சல். நேத்து சாயங்காலம் விட்டுடுச்சு. போதுமா? ரிஜிஸ்டர்ல எழுதிக்க."

"வாளி எதுக்கு?"

"காலையில ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. வெறும் வயித்துல மாத்திரை குடுத்துட்டேன்."

"வயித்து வலின்றாளா?"

சின்னவள் திரும்பிப் பாயைப் பார்த்தாள். அதுவே பதில்.

"ஒண்ணுக்குப் போனாளா?"

"தெருவுல நின்னு கேக்கற கேள்வியா இது?"

"போனாளா, இல்லையா?"

"ராத்திரி போனது..." சின்னவளுக்கே தான் பதில் சொன்னது பிடிக்கவில்லை. "இப்ப என்ன உனக்கு? காய்ச்சல் விட்டு உடம்பு ஜில்லுன்னு இருக்கு. நானே இன்னிக்குத்தான் மூச்சு விடறேன். பொறுக்கலையா?"

பெரியவள் பயிற்சி வகுப்பில் பாதி நேரம் தூங்கினவள்தான். ஆனால் அந்த ஒரு பாடம் மட்டும் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. டெங்கு ஆளைக் கவிழ்ப்பது காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, விட்ட பிறகு. வீட்டார் அப்பாடா என்று உட்காரும் அந்த ஒன்றிரண்டு நாளில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூத்திரம் நிற்கும், கைகால் சில்லிடும். குழந்தை அமைதியாகப் படுத்திருக்கும். தூங்குகிறது என்று போர்த்திவிடுவார்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு," என்றாள். "இப்பவே. இது டெங்கு மாதிரி இருக்கு."

சின்னவள் சிரித்தாள். சத்தமாக, எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி.

"டெங்கா? என் வீட்டுலயா?" கம்பியோடு அட்டையை இழுத்துப் பெரியவளின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "படி. 'புழு இல்லை.' 'புழு இல்லை.' 'புழு இல்லை.' எட்டு வாரம். யாரு கையெழுத்து? என் கையெழுத்தா?"

"அது..."

"புழு இல்லாம கொசு வருமா? கொசு இல்லாம டெங்கு வருமா? கவர்ன்மெண்டு அட்டை சொல்லுது என் வீடு சுத்தம்னு. நீ வாயால சொல்றதை நம்பணுமா, கையால எழுதினதை நம்பணுமா? ஒருக்கா நோட்டீஸ் ஒட்டினப்ப தெரு பூரா சிரிச்சுது. இப்ப என் பிள்ளைக்கு வியாதின்னு ஒட்டணுமா?"

பின்னால் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. பெரியவள் திரும்பாமலே யாரென்று தெரிந்துகொண்டாள். அந்த ஸ்கூட்டர் நின்ற பிறகும் இரண்டு முறை இருமும்.

பச்சைப் பேனா. மேற்பார்வையாளர். சட்டைப் பையில் பச்சை மை பேனா ஒன்று எப்போதும் எட்டிப் பார்க்கும். அது யார் பெயர்மீது இறங்கினாலும் அந்த ஆளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

"என்னம்மா, வாசல்ல கூட்டம்?" என்றார் அவர்.

பெரியவள் கூடத்தைப் பார்த்தாள். வாலு ஒரு காலை மெதுவாக வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். சத்தமே இல்லை.

அட்டை உண்மை என்று நின்றால் வேலை தப்பும். உள்ளே போய் எதையாவது கொட்டிக் கவிழ்த்துவிட்டு, பச்சைப் பேனாவுக்குக் காட்டிவிட்டு, சாயங்காலம் மறுபடி வந்து கெஞ்சலாம். சாயங்காலம் வரை அந்தப் பிள்ளைக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

"பொய்," என்றாள்.

"எது?"

"அட்டை. எட்டும் பொய். எட்டு வாரமா ஒரு தடவைகூட உள்ள வரல. நீ கேட்டுல கட்டின. நான் ரோட்டுல நின்னு எழுதினேன். உன் வீட்டுல புழு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம கையெழுத்துப் போட்டேன்."

எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் ஒரு சாண் திறந்தது.

பச்சைப் பேனா ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். "இதை எழுத்துல குடும்மா."

"குடுக்கறேன் சார். முதல்ல ஒரு ஆட்டோவை நிறுத்துங்க."

சின்னவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அட்டையை ஒரே இழுப்பில் கம்பியிலிருந்து பிய்த்தாள். கேட்டைத் திறந்தாள். பெரியவளின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள், விருந்தாளியை அழைக்கிற தள்ளல் அல்ல.

"வா. தொட்டுப் பாரு. நீ சும்மா மிரட்டினன்னு தெரிஞ்சுது, இங்கயே வெச்சு உன்னைக் கத்தரிக்கோலால குத்துவேன்."

பெரியவள் பாயில் மண்டியிட்டாள். வாலுவின் கால் விரல்கள் குழாய்த் தண்ணீர் போலிருந்தன. கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது. மறுபடி சிவக்க நேரம் எடுத்தது.

பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் இஞ்ச் டேப்பைக் கழற்றி எறிந்தாள். மாடிக் கதவுச் சாவியைப் பச்சைப் பேனாவின் பக்கம் வீசினாள். "போய்ப் பாருங்க. சுவர் எழுப்பின நாள்லேர்ந்து பூட்டினது. நானே ஏறினதில்ல."

*

ஆட்டோவில் வாலுவின் தலை அம்மா மடியில், கால் பெரியம்மா மடியில். பெரியவள் அந்தக் கால்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"அதை விடு," என்றாள் சின்னவள்.

"சில்லுன்னு இருக்கு."

"நீ தேய்க்கறதுக்காக இல்ல, உன் கை படறதுக்காகச் சொன்னேன்."

பெரியவள் விடவில்லை.

"எட்டு வாரம்," என்றாள் சின்னவள். "ஒரு தடவை கேட்டை உதைச்சுத் திறந்து வந்திருக்கலாம்ல? அதிகாரம் இருக்குல்ல உனக்கு? ஒட்டறதுக்கு மட்டும் வந்துது."

"நீ கேட்டுல கட்டலைன்னா வந்திருப்பேன்."

"நான் கட்டினேன். நான் படிக்காதவ, தைக்கறவ, புத்தி கெட்டவ. உனக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கறாங்க?"

ஆட்டோக்காரர் கண்ணாடியைச் சரி செய்வது போல் பின்னால் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "ரோட்டைப் பாருங்க," என்றார்கள். பதினான்கு மாதத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

"பெரியம்மா," என்றாள் வாலு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னடா கண்ணு?"

"டார்ச் எரியுது."

பைக்குள் டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைத்தாள்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் நாடி பிடித்தாள், வயிற்றை அமுக்கினாள், வாலு முனகினாள். அதற்குள் ஒரு நர்ஸ் ஊசி குத்தி டிரிப் ஏற்றிவிட்டாள். ரத்தம் எடுத்து ஓடினார்கள்.

"காய்ச்சல் எப்ப விட்டுது?"

"நேத்து சாயங்காலம்," என்றாள் சின்னவள்.

"அப்பலேர்ந்துதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும். என்ன மாத்திரை குடுத்தீங்க?"

சின்னவள் முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். டாக்டர் திருப்பிப் பார்த்தாள். முகம் கடுத்தது.

"உடம்பு வலிக்குன்னு கடையில குடுத்தாங்க..."

"இது டெங்குக்கு ஆகாது. ரத்தக் கசிவு வரும். எந்தக் கடைக்காரன் டாக்டருக்குப் படிச்சான்?" பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "வந்தது நல்லது. சாயங்காலம் வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேச வேண்டியிருக்கும். இன்னும் ரெண்டு நாள் தாண்டணும். இப்பவே எதுவும் சொல்ல மாட்டேன்."

டாக்டர் போன பிறகு சின்னவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் பெரியவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போர்வை வேணும். ஃபிளாஸ்க், மக்கு, மாத்துத் துணி," என்றாள் சின்னவள், சுவரைப் பார்த்து.

"நான் போய் எடுத்துட்டு வரேன்."

"உன் வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வா. என் வீட்டுக்குள்ள போகாத." பிறகு ஜாக்கெட்டிலிருந்து எட்டாக மடித்த அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள். "இது என்கிட்டதான் இருக்கும். இவ எழுந்து உட்காந்தான்னா கிழிச்சுப் போட்டுடுவேன். இல்லைன்னா, உன்னை எந்தக் கோர்ட்டுல ஏத்தணுமோ அங்க ஏத்துவேன். போ."

நியாயமாகப் பட்டது பெரியவளுக்கு. அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது.

*

தெரு முனையில் இறங்கும்போது போன் அடித்தது. பச்சைப் பேனா.

"எங்கம்மா இருக்க? மாடித் தொட்டியப் பாத்தேன். கரண்டியை விட்டா புழு கொதிக்குது. கூட்டுப்புழு, பறக்கற கொசு, எல்லாம் ஒரே குடும்பமா இருக்கு. தொட்டிக்கு மூடியே இல்ல."

"மூடி இல்லையா? சிமெண்ட் தொட்டி சார், இரும்பு மூடி இருந்துதே."

"இருந்திருக்கு. கீல் மட்டும் நிக்குது. அறுத்து எடுத்திருக்காங்க. ஆக்ஸா பிளேடு இல்ல, மிஷின் வெச்சு அறுத்த வெட்டு, சீரா இருக்கு. வெட்டுன எடத்துல லேசாத்தான் துரு. ரெண்டு மாசம் இருக்கும்." அவர் இருமினார், ஸ்கூட்டரைப் போலவே. "இதோ பாரும்மா. மூடி இல்லாம தொட்டி வெச்சது அந்தப் பொண்ணு தப்பு. அப்படி எழுதினா உன் மேல கொஞ்சம் இறக்கி எழுதலாம். ஆனா மூடி எங்க போச்சுன்னு தெரியணும். விசாரிச்சு வை. அரை மணியில கூப்பிடறேன்."

போன் வைத்த பிறகும் அவள் தெருவில் நின்றாள். கட்டிங் மிஷின் இந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. சுவரோரம் இரும்பு ஏணி ஒன்று படுத்திருப்பதும் அந்த வீட்டில்தான்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளே சொன்னது ஞாபகம் வந்தது: 'நாளைக்கு அவ நம்ம டிரம்முக்கு மூடி இல்லைன்னு கைநீட்டுவா. எங்கேர்ந்தாவது ஒண்ணு கொண்டாங்க.' இரண்டே நாளில் கொண்டுவந்தான். பழைய இரும்புக் கடையில் கிடைத்தது என்றான். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அவள் அதற்குச் சந்தோஷப்பட்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டு அட்டைகளில் தன்னுடையதில் மட்டும் உண்மையாகவே 'புழு இல்லை' என்று எழுதினாள்.

வீட்டுக்குள் போனாள். போர்வையை எடுக்கவில்லை. ஃபிளாஸ்க்கை எடுக்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய் டிரம்மின் மூடியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். ஓரத்தில் இரண்டு இடத்தில் அறுத்த தழும்பு, அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தது.

சாவிக்கொத்தை எடுத்து வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டினாள். செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் கறுப்பு. இன்னும் சுரண்டினாள். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு வளைவு வந்தது. அவள் புருஷன் கையெழுத்து. பதினான்கு மாதத்துக்கு முன்னால், பாகம் பிரித்த அன்று, அவனே போட்டது.

சி.

பின்வாசலில் நிழல் விழுந்தது. பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்தான். அவள் பின்னால் சாய்ந்திருந்த மூடி அவன் கண்ணில் படவில்லை. திறந்து கிடந்த டிரம் மட்டும்தான் பட்டது.

"மொண்டா மூட மாட்டியா?" என்றான். "கொசு வந்து முட்டை போட்டுடும்."

கையிலிருந்த போன் அடித்தது. திரையில் பச்சைப் பேனாவின் எண்.

அவனைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.